ஊதிக் காட்டிய வயிறு

கிடங்கு வாசலில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார் சுமைக்காரர்.

"நீதான்யா மூட்டையைத் தூக்கணும். மூட்டை உன்னைத் தூக்காது," என்றார் மேஸ்திரி. "சீக்கிரம் சரியாகலேன்னா வேற ஆளைப் போட்டுக்குவேன்."

பக்கத்து ஆள் இரக்கப்பட்டு வலி மாத்திரை ஒன்று கொடுத்தான். போட்டதும் எரிச்சல் நெஞ்சுவரை ஏறியது. டாக்டரம்மாவிடம் ஓடினார்.

"வலி மாத்திரை வயித்துப் புண்ணைக் கிளறிவிடும்," என்று அவர் கடிந்துகொண்டார். "உள்ள கிருமி இருக்கலாம். நிறைய பேருக்கு இருக்கு. இருக்குன்னு தெரிஞ்சா ரெண்டு வாரம் மருந்து குடுத்து அழிச்சிடலாம். பையில ஊதினா தெரிஞ்சிடும். ஆனா, அமிலத்தைக் குறைக்க தினம் ஒரு கேப்ஸ்யூல் போடுறீங்களே, அதை ரெண்டு வாரம் நிறுத்தணும். அது உள்ள போனா கிருமி பதுங்கிக்கும்."

நிறுத்தினார். முதல் சில இரவுகள் புழுவாய் நெளிந்தார். மனைவி வயிற்றைத் தடவிவிட்டாள். கூடவே இருக்கும் மாமியார் அடுத்த அறையில் புரண்டு புரண்டு படுத்தார். பிறகு எப்படியோ இரவு வலி மட்டும் அடங்கியது.

"மனசு திடமா இருக்கணும்டி," என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டார்.

கொடுத்த மருந்துத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பையில் ஊதினார். கிருமி இல்லை என்று வந்தது.

"கிருமியும் இல்ல, கிரகமும் இல்ல. நடிப்புதானே?" என்று மேஸ்திரி அவரை சிமெண்ட் மூட்டைக்குத் தள்ளினார். பகலெல்லாம் வலி பிடுங்கியது.

"அப்போ வாய் வழியா குழாய் விட்டுப் பாத்துடலாம்," என்றார் டாக்டரம்மா.

"வேணாம்மா! இன்னொரு தரம் ஊதுறேன். எத்தனை பை வேணும்னாலும் ஊதுறேன்!"

மறுபடி கேப்ஸ்யூலைத் தொடாமல் கிடந்து ஊதினார். மறுபடியும் இல்லை.

குழாய் விடும் நாள் வந்தது. "இதுதான் கடைசி லீவு," என்று சொல்லித்தான் மேஸ்திரி அனுப்பினார். மனைவிக்கு வேலை, துணைக்கு மாமியார் வந்தார்.

"கடைசியா கேக்குறேன்," என்றார் டாக்டரம்மா. "எனக்குத் தெரியாம அந்த கேப்ஸ்யூலைப் போட்டீங்களா?"

"என் பொண்டாட்டி மேல சத்தியமா தொடலம்மா."

மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"மாப்பிள்ளையைச் சந்தேகப்படாதீங்கம்மா, அவர் தொடவேயில்ல. ராத்திரியெல்லாம் இவர் முனகினா வீட்டுல மனுசங்க தூங்க வேணாமா? நான்தான் தினம் அதைப் பிரிச்சு இவர் சோத்துல கொட்டிப் பிசைஞ்சு வச்சேன்."