முக்கூடல் வீட்டு பாய்லர் புகைக்குழாய் விவகாரம்

முத்துமாலையம்மன் துணை

முக்கூடல்,
திங்கட்கிழமை, காலை மணி 9.20

பெருமதிப்புக்குரிய சம்பந்தி குற்றாலலிங்கம் அண்ணாச்சி சமூகத்துக்கு, முக்கூடல் கொம்பையா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் இசக்கித்தாயும் சுகம். அங்கு தாங்களும் மதினியும் மாப்பிள்ளையும், எங்கள் மகள் கலையரசியும், அவள் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு எரியவில்லை.

வியாழக்கிழமை உங்கள் போனுக்கு வந்த வீடியோவில் கருப்பாகப் புகை தெரிவதும், தீயணைப்பு வண்டி நிற்பதும், துண்டு மட்டும் கட்டிக்கொண்டு ஒரு ஆள் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதும் உண்மைதான். அந்த ஆள் நான்தான். ஆனால் எரிந்தது வீடு இல்லை, குளியலறைப் பாய்லரின் புகைக்குழாய். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் தாங்கள், "இந்த லட்சணத்துல பிள்ளைய எப்படி அண்ணாச்சி அங்கன அனுப்ப?" என்று கேட்டு போனை வைத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடி போன் போடலாம் என்றால், முப்பத்திரண்டு வருஷம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக ஹாரனுக்கு நடுவில் உட்கார்ந்திருந்ததில் வலது காது போய், இடது காதும் அரைகுறை. அதனால் எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடி, நேரத்தோடு எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு முடிவு சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை காலையில் கலையை அழைத்துவர நாங்கள் கிளம்ப வேண்டும் என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இதற்கெல்லாம் ஆரம்பம் மதினியின் போன். போன வாரத்துக்கு முந்தின செவ்வாய், காலை 10.40. மதினி சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அண்ணாச்சி, மத்ததெல்லாம் உங்க இஷ்டம். ஆனா பாய்லர் மட்டும் எம் மருமவளுக்கு ஆகவே ஆகாது. உடம்புக்குக் கேடு. முடியலைன்னா சொல்லிருங்க, பிரசவத்தை இங்கனயே பாத்துக்கிடுதோம்." நடுவில் 'நாட்டு' என்றோ 'மாத்து' என்றோ ஒரு சொல் விழுந்தது. பாய்லரை மாற்றுங்கள் என்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். மதினி மேல் குற்றமே இல்லை. பொங்கலுக்கு நீங்கள் வந்திருந்தபோது மதினி குளிக்கப் போய், புகையில் அரை மணி நேரம் இருமிக்கொண்டு வெளியே வந்தது எனக்கு இன்றைக்கும் வெட்கம். பிள்ளை பெற்றவளுக்கு இலை போட்டுக் கொதிக்கவைத்த வேது தண்ணீர் ஊற்ற வேண்டிய இடத்தில் அப்படிப் புகை அடித்தால் எந்த மாமியார்தான் சம்மதிப்பாள்?

சரி, என்னதான் கோளாறு என்று பார்த்தேன். செப்புப் பாய்லர் அம்சமாகத்தான் இருக்கிறது. அதிலிருந்து கூரைக்குப் போகிற தகரக் குழாய்தான் துருப்பிடித்து, வளைவில் ஒரு சின்ன ஓட்டை. சுண்டுவிரல்கூட நுழையாது. துரு எவ்வளவு ஆழம் என்று பார்க்க ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக ஒரு குத்துக் குத்தினேன். கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. பக்கத்தில் குத்தினேன், அங்கேயும் போய்விட்டது. இசக்கித்தாய் எட்டிப் பார்த்து, "நல்லா இருந்த ஓட்டையையும் கெடுத்துட்டியளே" என்றாள். துருவைச் சுத்தமாகத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் ஒட்டுப்போட வேண்டும் என்று ஹார்டுவேர் கடையில் சொல்லி உப்புத்தாள் கொடுத்தார்கள். தேய்த்தேன் அண்ணாச்சி. ஒரு மணி நேரம் தேய்த்தேன். துரு போனது, துருவோடு குழாயும் போனது. இத்தனை வருஷமாகத் துருதான் குழாய் மாதிரி நின்றுகொண்டிருந்திருக்கிறது. அதைப் போய் நான் கலைத்துவிட்டேன். மிச்சமிருந்ததில் ஒரு பெருங்காய டப்பாவை வெட்டிச் சுற்றி, பசை வைத்து ஒட்டினேன். பசை தீயில் உருகி ஒழுகி, தெரு முழுக்க ஒரு நாற்றம். எதிர்வீட்டு கமர் நிஷா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "அண்ணே, செருப்பு எதையும் அடுப்புல போட்டுட்டியளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இனி நம்மால் ஆகாது என்று வெல்டிங் பட்டறை பெருமாள்ராஜைக் கூட்டிவந்தேன். அவன் குழாயைத் தொட்டுப் பார்க்கவில்லை, ஊதிப் பார்த்தான். அதற்கே ஒரு துண்டு உதிர்ந்தது. "அண்ணாச்சி, இது இரும்பா? அப்பளம்லா! இதுல ராடு வச்சா ஓட்டை பெருசாவுமே தவிர அடையாது" என்றான். வேறு என்ன வழி என்று கேட்டதற்கு, ரெண்டு நாள் கழித்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து லாரி சைலன்சர் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். "இரும்புன்னா இதுல்லா இரும்பு! எத்தன மழையில கெடந்திருக்கு, ஓட்டை விழுந்திருக்கா பாருங்க. தட்டிப் பாருங்க அண்ணாச்சி" என்றான். தட்டினேன். கணீரென்றது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஆயுசு முழுக்க வண்டிகளோடு கிடந்தவன், சைலன்சரைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. புதன்கிழமை சாயங்காலம் மாட்டினான். அந்தக் குளியலறையே ஷெட்டுக்கு வந்த வண்டி மாதிரி ஆகிவிட்டது.

வியாழக்கிழமை காலை 6.05-க்குப் பற்றவைத்தேன். புகை மேலே போகவில்லை. சைலன்சருக்குள் தடுப்புத் தடுப்பாகத் தகரம் வைத்திருப்பார்களாம், அது எனக்கெங்கே தெரியும்? எல்லாப் புகையும் அடுப்பு வாய் வழியாக என் முகத்துக்கே வந்தது. தீ பத்தவில்லை போல என்று இன்னும் நாலு தேங்காய்ச் சிரட்டை போட்டேன். அப்புறம் ரெண்டு தேங்காய்க் கதம்பை. அது பாய்லர் இல்லை, பிடிவாதக்காரி, நானும் விடவில்லை. 6.17-க்கு உள்ளே படிந்திருந்த பழைய எண்ணெய்க் கரி தீப்பிடித்தது. முதலில் ஒரு உறுமல். அம்பாசமுத்திரம் பஸ் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது என்று கமர் நிஷா பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்திருக்கிறாள். அடுத்தது 'டும்' என்று ஒரு சத்தம். குழாய் உச்சியில் ஒரு முழம் தீ. அவள்தான் பையைப் போட்டுவிட்டு, "யா அல்லா, அண்ணன் உள்ள கெடக்காவளே!" என்று அலறிக்கொண்டே தீயணைப்பு நிலையத்துக்கு போன் போட்டது. அந்த அலறலைத்தான் வீடியோவில் கேட்டிருப்பீர்கள். அவளைத் தப்பாக நினைக்காதீர்கள், நல்ல மனசு.

வண்டி பதினான்கு நிமிடத்தில் வந்தது. என் சர்வீஸில் இத்தனை சரியாக வந்த வண்டியை நான் பார்த்ததில்லை. அதற்குள் கரி எரிந்து தீ தானாக அடங்கிவிட்டது. வந்தவர் சைலன்சரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "பெரியவரே, இது குளிக்கதுக்கா, திருச்செந்தூர் போறதுக்கா?" என்று கேட்டார். மகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்று மட்டும் சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ, முதுகில் தட்டிக்கொடுத்தார். பிறகு அவர்கள் நாலு பேரும் பாய்லரின் தண்ணீர்க் குழாயைத் திறந்து அந்தத் தண்ணீரில்தான் கைகால் கழுவிவிட்டுப் போனார்கள். நல்ல கொதி. அதையும் தாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அன்று மதியம் பெருமாள்ராஜ் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். இந்தத் தடவை நான் விடவில்லை. திருநெல்வேலிக்கே கூட்டிப் போய் எவர்சில்வர் குழாய் வாங்கினேன், கனமானது. மேல் துண்டு கீழ்த் துண்டுக்குள் இறங்குகிற மாதிரி மாட்ட வேண்டும், அப்போதுதான் உள்ளே வழிகிற கரித்தண்ணீர் வெளியே கசிந்து மறுபடி அரிக்காது என்று அங்கே ஒரு வயசாளி சொல்லிக்கொடுத்தார். முன்பு இருந்தது நேர் எதிராக மாட்டியிருந்ததாம்! இணைப்புக்கெல்லாம் சூளைமண் பூசி, மழை இறங்காமல் உச்சியில் தொப்பி வைத்து, கூரையில் சூடு படாமல் இடைவெளி விட்டு, நேற்று ஞாயிறு காலை 7.00-க்குப் பற்றவைத்தோம். 7.02-க்குப் புகை கோடு போட்ட மாதிரி மேலே போனது. உள்ளே ஒரு இழை இல்லை. நான் கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிடம் உள்ளேயே உட்கார்ந்து பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் அது புகையால் இல்லை.

அண்ணாச்சி, வெளியே சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கலை பிறந்த அன்றைக்கு நான் டிப்போவில் இருந்தேன். இசக்கித்தாய்க்கு வலி வந்த செய்தி வந்தும், என் இடத்துக்கு ஆள் வரவில்லை என்று வண்டிகளை வரிசையாக அனுப்பிவிட்டு, பிள்ளை பிறந்து நாலு மணி நேரம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தேன். ஒரு வண்டியும் அன்று லேட் இல்லை. நான்தான் லேட். அவள் பிள்ளை பிறக்கும்போதாவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கல்யாணம் முடிந்த நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது ஊர் வழக்கம் என்பதற்காக மட்டும் நான் கெஞ்சவில்லை. ஒரு குழாய்க்காக அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

மதினியிடம் பாய்லர் இப்போது கோயில் மடைப்பள்ளி மாதிரி இருக்கிறது என்று சொல்லவும். வெள்ளிக்கிழமைக்குத் தயாராக அடுப்பு வாயில் காய்ந்த கதம்பை திணித்து, தீக்குச்சி கிழிக்க வேண்டியதுதான் பாக்கி என்று வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக்கும் கவலை வேண்டாம். கறிக்கடையில் ஒரு மாசத்துக்கு, நாளொன்றுக்கு ஒன்றாகக் கொழுத்த பிராய்லர் கோழிக்குச் சொல்லியாகிவிட்டது.

பெரியவர்களுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள். பிறக்கப்போகும் பிள்ளை நீண்ட ஆயுளோடும், என்னைவிட நல்ல காதோடும் பிறக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி,
ம. கொம்பையா
டைம்கீப்பர் (ஓய்வு)

பி.கு: திங்கட்கிழமை, மாலை மணி 6.50. தபாலில் போடுமுன் ஒருமுறை வாசியுங்கள் என்று இசக்கித்தாய் சொன்னதால் வாசித்துக் காட்டினேன். மதினி சொன்ன இடம் வந்ததும், "என்னது? பாய்லரா? மதினி பிராய்லர்லா ஆகாதுன்னாவ! நாட்டுக்கோழிதான் குடுக்கணும்னு எங்கிட்டயும் சொன்னாவளே!" என்றாள். உடனே மதினிக்கு போன் போட்டுக் கேட்டாள். மதினி அங்கே சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. பாய்லரைப் பற்றி மதினி ஒரு வார்த்தை நினைத்ததுகூட இல்லையாம். வெள்ளிக்கிழமை கலையை அனுப்பச் சம்மதம் என்றும், தங்களிடம் தானே பேசிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார்கள். "இத்தன நாளா பாய்லரோட மல்லுக்கட்டினேனே, ஒரு வார்த்தை கேக்கப்படாதா?" என்று இசக்கித்தாயிடம் சத்தம் போட்டேன். "ரிட்டயர் ஆன ஆம்பளைக்கு ஏதாவது ஒரு கிறுக்கு வேணும்லா, இது அதுன்னு விட்டுட்டேன்" என்கிறாள். கறிக்கடைக்குச் சொன்னதை ரத்து செய்துவிட்டேன். ஏனென்றால் மதினி சொன்ன அன்றைக்கே அவள் ஆறு நாட்டுக்கோழி வாங்கி, நான் குழாயைத் தட்டுகிற சத்தத்துக்குக் கோழி மிரளும் என்று கமர் நிஷா வீட்டுக் கொல்லையில் விட்டிருக்கிறாள். இன்று மதியம்தான் அவற்றை இங்கே கொண்டுவந்தாள். அதில் அடைக்கு வந்திருந்த ஒன்று நேராகப் போய், நான் கதம்பை திணித்து வைத்த அடுப்பு வாயில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இசக்கித்தாய் அதற்கு அடியில் பதினோரு முட்டையும் வைத்துவிட்டாள். குஞ்சு பொரிக்க இருபத்தோரு நாள் ஆகுமாம். அதுவரைக்கும் பாய்லரைப் பற்றவைக்கக்கூடாதாம். கலை குளிக்க வெந்நீர் கேஸ் அடுப்பில்தான். எத்தனை பாடுபட்டு வைத்த குழாய், வேறு எங்காவது தூக்கி வை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அந்தக் கோழிக்கு இதுதான் முதல் அடையாம். "தலைப்பிரசவத்துக்குன்னு நம்ம வீட்டத் தேடி வந்து உக்காந்தவள எவனாவது எழுப்புவானா?" என்கிறாள். தீப்பெட்டியை எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன்.