கொழுந்து நிறுக்கும் நேரத்தில் நான் மரமான கதை

சும்மா உட்காரத் தெரியாதவன் கையில் எண்கள் ஏறி இறங்கும் எதையும் கொடுக்கக்கூடாது. நான் அந்த வகை. சாப்பிடும்போதும் என் கால் ஆடிக்கொண்டிருக்கும். பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தால் டாக்டரே "கொஞ்சம் நில்லுங்க" என்பார். (உட்கார்ந்திருப்பவனிடம்!) இப்படிப்பட்டவன் கையில் ஒரு போனும், போனுக்குள் புள்ளிகள் தரும் ஒரு மன்றமும் வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

கேமரன் மலையில் ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிராணி. அதாவது ஆபீஸ் குமாஸ்தா. மதியம் பெண்கள் கொழுந்துக் கூடைகளோடு வரிசையில் வருவார்கள். நான் நிறுத்து எழுதுவேன். நிறுவைக் கொட்டகை ஆபீஸை ஒட்டியது என்பதால், தோட்டத்திலேயே வைஃபை கிடைக்கும் ஒரே இடம் அதுதான். ஆகவே அந்தப் பெண்களுக்குக் கூடை வைத்திருக்கும் கை ஒன்று என்றால் போன் வைத்திருக்கும் கை இன்னொன்று. மகனுக்கு ஒரு செய்தி, தங்கச்சிக்கு ஒரு படம் என்று எல்லாம் அந்த வரிசையில்தான் நடக்கும்.

அப்போது மலைத் தோட்டக்காரர்களுக்காக இணையத்தில் ஒரு தமிழ் மன்றம் இருந்தது. யாராவது கேள்வி கேட்பார்கள், யாராவது பதில் சொல்வார்கள். பதில் பிடித்தால் பச்சை அம்பு, பிடிக்காவிட்டால் சிவப்பு அம்பு. பச்சை சேரச் சேரப் பதில் சொன்னவர் விதை, நாற்று, செடி, மரம், காடு என்று வளர்வார். சிவப்பு நிறைய விழுந்த பதில் யார் கண்ணுக்கும் தெரியாமல் மறைந்துவிடும்.

நான் 'மலையரசன்' என்ற பெயரில் சேர்ந்தேன். என் வாழ்நாளில் நான் வளர்த்த ஒரே செடி ஆபீஸ் ஜன்னலில் இருந்த மணி பிளாண்ட். அதுவும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் ஸ்ட்ராபெரி ஏன் புளிக்கிறது, முட்டைக்கோஸ் ஏன் வெடிக்கிறது என்று எந்தக் கேள்வி வந்தாலும் முதல் பதில் என்னுடையதாகத்தான் இருக்கும். பதிலைப் போட்டுவிட்டு, பச்சை விழுந்ததா என்று கூடைக்குக் கூடை திறந்து பார்ப்பேன். அந்த அவசரத்தில் ஒருநாள் என் புள்ளியை எடை என்று எழுதிவிட்டேன். காளியம்மா அக்கா ஒரே மதியத்தில் ஒரு லோரி கொழுந்து கிள்ளியதாகக் கணக்கு ஆனது.

பச்சை போதவில்லை. நாற்றிலேயே நின்றுபோனேன். அப்போதுதான் வரிசையில் நிற்கும் முப்பது போன்களும் என் கண்ணில் பட்டன.

"அக்கா, போனக் குடுங்க. இதுல ஒங்களையும் சேத்து விடுறேன்" என்று காளியம்மா அக்காவிடம் ஆரம்பித்தேன். "தெனம் நிறுத்து முடிஞ்சதும் நான் காட்டுற எடத்துல பச்சைய அமுக்கிட்டுப் போங்க. அவ்வளவுதான்."

"எதுக்குங்க கிராணியாரே?"

"எல்லாரும் அமுக்குறாங்கல்ல? நீங்களும் அமுக்குங்க லா."

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. கேட்காததை நான் என் செல்வாக்கு என்று நினைத்துக்கொண்டேன். கூடை இறங்கும், எடை எழுதுவேன், பச்சை விழும், வரிசை நகரும். மூன்றே வாரத்தில் செடியானேன். மரத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

குறுக்கே நின்றவர் 'ரிங்லெட்காரன்' என்ற ஒருவர். நான் ஒரு பக்கம் எழுதினால் அதன் கீழே இரண்டே வரி எழுதுவார். ஜனங்கள் அந்த இரண்டு வரிக்கு நன்றி சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து வரிசையில் பச்சையோடு சிவப்பும் சேர்ந்தது. எனக்கு ஒரு பச்சை, அவருக்கு ஒரு சிவப்பு.

இப்படி இருக்கும்போது 'புதுப்பூ' என்ற புதியவர் ஒரு கேள்வி போட்டார். செவ்வந்தி இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாய்க் கொப்புளம், தீபாவளிக்குப் பூ இறக்க வேண்டும், என்ன செய்வது என்று. நான் பேனைப் பெருமாளாக்கி ஒரு பெரிய பதில் எழுதினேன். செடிக்குக் குளிர் பிடித்திருக்கிறது. செடி வளரும் கூடாரத்தின் பக்கவாட்டுப் பிளாஸ்டிக்கை இறக்கி இறுக்கிக் கட்டுங்கள், காலையும் மாலையும் இலை நன்றாக நனையும்படி தண்ணீர் தெளியுங்கள். இதுதான் சாரம். (என் அம்மா எனக்குச் சளி பிடித்தால் செய்யும் வைத்தியம். ஜன்னலைச் சாத்தி ஆவி பிடிக்க வைப்பார்.) ரிங்லெட்காரன் வழக்கம்போல் கீழே ஏதோ எழுதினார். மறுநாள் மதியம் அவர் பதில் மறைந்தது. நான் மரமானேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி புவனாவின் அண்ணன் சேகர் வீட்டுக்கு, திரிங்காப் என்ற ஊருக்குப் போனோம். சேகர் மச்சான் வருஷக்கணக்காகக் காய்கறி லோரி ஓட்டி, முதுகு போய், அப்போதுதான் சொந்தமாகச் செவ்வந்தி போட்டிருந்தார். முதல் விளைச்சல். போகிற வழியில் போன் அதிர்ந்தது. புதுப்பூ, 'இன்னும் கூடுதே ஐயா' என்று கேட்டிருந்தார். 'பொறுமையாக இருங்கள்' என்று ஒரு கையால் பதில் போட்டேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் மச்சான் எங்கள் இருவரையும் பூக்கூடாரத்துக்கு அழைத்துப் போனார். உள்ளே நுழைந்ததும் என் கண்ணாடியில் ஆவி படிந்தது. நான்கு பக்கமும் பிளாஸ்டிக்கைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன மச்சான், இப்படி இழுத்துக் கட்டியிருக்கீங்க?"

"எல்லாம் பெரிய எடத்து ஆலோசனை மாப்ள. மலையரசன்னு ஒருத்தரு. மரம் லெவல் லா! நம்ம கேள்விக்கெல்லாம் பதில் சொல்றாரு பாருங்க, அது பெரிய விசயம்" என்று ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார். அடியில் சோறு சிந்தியதைப்போல வெள்ளைக் கொப்புளங்கள்.

என் கால் தானாக ஆட ஆரம்பித்தது. "கொஞ்சம் காத்து விட்டுப் பாத்தா என்ன?" என்றேன், மெல்ல.

மச்சான் சிரித்தார். "நீங்க ஆபீஸ்ல உக்காந்து எழுதுறவரு மாப்ள. இதெல்லாம் தெரிஞ்சவங்க சொல்லணும். இருங்க, அவரையே இன்னொரு தடவ கேக்குறேன்."

அவர் தட்டினார். என் பாக்கெட் அதிர்ந்தது. மச்சானுக்குக் கேட்கவில்லை. புவனாவுக்குக் கேட்டது. அவள் என் பாக்கெட்டைப் பார்த்தாள், அண்ணன் போனைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதில்லை.

திரும்பும் வழியில் காருக்குள் விசாரணை நடந்தது. ரிங்லெட்காரன் வரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"எங்கண்ணன் இந்தப் பூவ நம்பித்தான் இருக்கு. அந்த இன்னொருத்தரு என்ன எழுதியிருந்தாரு?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"படிக்கல. சிவப்பு மட்டும் போட்டேன்."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விவசாய இலாகாவைக் கேட்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை. மறைந்த பதிலைத் திறக்கலாம் என்றால், மரம் ஆனவருக்கு மறைக்கும் அதிகாரம் மட்டும்தான், திறக்கும் அதிகாரம் காடு ஆனவர்களுக்கு. அல்லது பச்சை விழுந்தால் அதுவாக மேலே வரும். அன்று முழுவதும் வீட்டில் நான் நடந்த நடையில் மலையடிவாரத்துத் தாப்பா ஊர் வரைக்கும் இறங்கியிருக்கலாம்.

திங்கட்கிழமை மதியம் வரிசை வந்ததும் எனக்குப் பொறுமை இல்லை. இதுவரை வாக்குகள் கூடை நகரும் வேகத்தில் ஒவ்வொன்றாக விழுந்தன. அன்று எல்லாரையும் மொத்தமாகக் கொட்டகைக்குள் நிறுத்தினேன்.

"ரிங்லெட்காரனுக்குப் போட்ட சிவப்ப எடுத்துட்டுப் பச்சை போடுங்க. எல்லாரும் இப்பவே! சீக்கிரம்!"

போட்டார்கள். உடனே முப்பது போன்களும் ஒன்றாகக் 'கிணிங்' என்றன. எல்லாவற்றிலும் ஒரே செய்தி: 'இது போலிக் கணக்கு. ஒரே நபர் ஒரே இடத்திலிருந்து இத்தனை கணக்குகளையும் இயக்குவது தெரிகிறது. நீங்கள் தனி நபர் என்றால் நிரூபிக்கவும்.' எனக்கு மட்டும் வேறு செய்தி: 'நிரந்தரமாக நீக்கப்பட்டார்.'

காளியம்மா அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு கூடையைக் கீழே வைத்தார்.

"நான் போலியா? என்னைய ஆளே இல்லேங்கிறானா? மூணு புள்ள பெத்தவடா நானு!"

"அக்கா, அது கம்ப்யூட்டர் சொல்றது..."

"அப்ப கம்ப்யூட்டர வரச் சொல்லு!"

கொட்டகையே கொந்தளித்தது. சத்தம் கேட்டு மானேஜர் துரை வந்துவிட்டார். நம் ஊர்த் தமிழர்தான், ஆனாலும் துரை என்றால் துரைதான். என்ன கலாட்டா என்று கேட்டார்.

"இந்த மத்தியானப் பெரட்டு நின்னு போச்சுங்க துரை" என்றார் காளியம்மா அக்கா. "சம்பளத்துல பிடிப்பீங்களா?"

காலையில் வேலைக்கு ஆள் கணக்கு எடுப்பதைத்தான் எங்கள் பக்கம் பெரட்டு என்போம். எடை எழுதும் கிராணி, எடை போட்ட கையோடு அமுக்கச் சொன்னால் அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? இத்தனை நாளும் அவர்கள் போட்ட பச்சை என் அறிவுக்கு இல்லை, அவர்கள் சம்பளத்துக்கு.

"மத்தியானத்துல ஏது பெரட்டு?" என்றார் துரை.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. காளியம்மா அக்கா நிதானமாகச் சொன்னார்: "ஒருத்தன் என்னைய இல்லேங்கிறான். இன்னொருத்தன் இல்லாத பெரட்டுக்கு என்னைய நிக்க வச்சிருக்கான்."

மச்சான், பூ, மரம் எல்லாவற்றையும் துரை முன்னாலேயே கொட்டிவிட்டேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. என்னால் மச்சானின் முதல் பூ அழுகிக்கொண்டிருக்கிறது என்பதைத் தவிர வேறு நினைப்பே வரவில்லை.

"மொதல்லயே வாயத் தொறந்து கேட்டிருந்தா நாங்க மாட்டேன்னா சொல்லியிருப்போம்?" என்றார் அக்கா. பிறகு போனை முகத்துக்கு நேரே பிடித்து, மன்றத்துக்கு அனுப்ப வீடியோ எடுத்தார். "நான் காளியம்மா. மேல் லைன். உசிரோடத்தான் இருக்கேன். நல்லாப் பாத்துக்க." பின்னால் வரிசையாக ஒவ்வொருவரும் வந்து பெயர் சொல்லி, குடியிருக்கும் லைன் சொல்லி, இரண்டு வார்த்தை திட்டிவிட்டு நகர்ந்தார்கள். துரை வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். (இன்றைக்கும் அவர் இருமினார் என்றே நான் சொல்லி வருகிறேன்.)

மன்றத்தை நடத்தியவர்கள் மிரண்டிருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் மன்னிப்பு வந்தது. பெண்களின் கணக்குகள் திரும்பின, நான் போடவைத்த வாக்குகள் எல்லாம் ரத்தாயின. ரிங்லெட்காரன் பதில் தானாக வெளியே வந்தது. காளியம்மா அக்கா உரக்கப் படித்தார்: "வெள்ளைத் துரு நோய். புண் பட்ட இலையைக் கிள்ளி எரிச்சிடுங்க, காத்து விடுங்க, வேருக்கு மட்டும் தண்ணி. மேலே ஒருத்தர் சொல்றதக் கேக்காதீங்க."

மச்சானுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன்.

"மலையரசன் அப்படிச் சொல்லலையே மாப்ள."

"மச்சான், அந்த மலையரசனே நான்தான்."

"சும்மா இருங்க மாப்ள. அவரு எவ்வளவு பெரிய ஆளு!"

எவ்வளவு சத்தியம் செய்தும் நம்பவில்லை. கூட்டிக்கழித்துப் பார்த்தால், நான் கட்டிய பெயர் என்னையே வாசலில் நிறுத்திவிட்டது. துரையிடம் அரை நாள் லீவு கேட்டு, புவனாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பள்ளி விடுமுறைக் காலம். கியா பார்ம் அருகே சுற்றுலாக் கார்கள் ஸ்ட்ராபெரிக்காக ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. நான் இறங்கினேன், ஏறினேன், மறுபடி இறங்கி ஒரு வேன்காரரிடம் சண்டைக்குப் போனேன். "ஏறி உக்காருங்க" என்றாள் புவனா. முந்தின நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

கூடாரத்து வாசலில் மச்சானிடம் என் போனை நீட்டினேன். 'மலையரசன்' என்ற பெயரும், அதன் கீழே கணக்கு வைத்திருப்பவருக்கு மட்டும் தெரியும் என் போன் நம்பரும், அதற்கும் கீழே 'நிரந்தரமாக நீக்கப்பட்டார்' என்பதும் இருந்தன. அவர் போனை வாங்கிப் படித்தார்.

"பொறுமையா இருங்கன்னு போட்டது எங்கேருந்து மாப்ள?"

"ஒங்க வீட்டுக்கு வர்ற வழியில, மச்சான். ஓட்டிக்கிட்டிருந்த காடியிலேருந்து."

மச்சான் போய்ப் பிளாஸ்டிக் கயிறுகளை அறுத்தார். இருட்டும்வரை எல்லாரும் குனிந்து இலை கிள்ளினோம். நானும் கிள்ளினேன், நல்ல இலையைக் கிள்ளாமல் இருக்கிறேனா என்று பக்கத்தில் நின்று புவனா பார்த்துக்கொண்டாள். ஓரத்துப் பாத்திகள் போய்விட்டன. நடுவில் இருந்தவை பிழைத்து, தீபாவளிக்கு லோரி ஏறின. லோரி கிளம்பிய பிறகுதான் மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை என்பது உண்மை.

காளியம்மா அக்கா மன்றத்தில் தங்கிவிட்டார். இப்போது அவர் காடு. எங்கள் குடும்பத்திலோ, நான் எதைப் பற்றி வாயைத் திறந்தாலும், மகளின் படிப்போ மீன் குழம்போ, யாராவது ஒருவர் "சரி, ரெண்டாவது பதில் என்ன?" என்று கேட்பார்கள்.

போன தீபாவளிக்கு மச்சான் போட்ட பூக்கடையில் ஒத்தாசைக்கு நின்றேன். ஒரு பெரியவர் செவ்வந்திக் கட்டை வாங்கிக்கொண்டு, வாடாமல் இருக்க என்ன செய்யணும் என்று கேட்டார். மச்சான் வாயைத் திறக்கும் முன் நான், "ஐஸ் தண்ணியில கொஞ்சம் சீனி போட்டு, காத்துப் படாம..." என்று ஆரம்பித்துவிட்டேன். பெரியவர் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு நடக்கத் தொடங்கினார்.

"ஐயா, நில்லுங்க" என்று மச்சான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார். "எங்க கடையில ரெண்டாவது பதிலக் கேக்காம யாரையும் அனுப்புறதில்ல."

பெரியவர் குழப்பத்தோடு எங்களைப் பார்த்தார். புவனா பூக்கட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "தண்ட அடியில கொஞ்சம் வெட்டிட்டு, தெனம் தண்ணிய மாத்துங்கய்யா. இவரு சொன்னத மறந்துடுங்க."