ஒன்பது செயலாளர்களும் ஒரு சிலிண்டரும்

கார் என்ஜின் மிஸ்ஸிங் அடித்து உதறினால் ஒரு ஆள், ஒரு ஸ்பேனர், பத்து நிமிடம் போதும் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிற நாடுகள் உலகத்தில் எத்தனையோ இருக்கின்றன. பாவம், சங்கம் இல்லாத நாடுகள். பொலிவியாவின் மேட்டுச் சமவெளியில், ஒருரோ நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கும் ஹாச்சபம்பாவில் அந்தக் காட்டுமிராண்டித்தனம் கிடையாது. இங்கே 'வெற்றி வீரர்கள்' வாடகைக் கார் சங்கம் இருக்கிறது. அதற்கு ஒரு விதிப் புத்தகம் இருக்கிறது. அதன் பதினான்காம் பிரிவு சொல்கிறது: "உறுப்பினரின் வண்டிக்கு நோய் கண்டால், நிர்வாகக் குழு முழுமையாகக் கூடிய பின்னரே பானட் திறக்கப்படும்."

சங்கத்தில் பத்து கார்கள், ஒன்பது செயலாளர்கள். பொதுச் செயலாளர், குறிப்பேட்டுச் செயலாளர், ஒழுங்குச் செயலாளர், விளையாட்டுச் செயலாளர், சச்சரவுச் செயலாளர் என்று வரிசையாகப் போய், கொடி தூக்குவதற்கென்றே ஒரு செயலாளரில் முடியும். மிச்சமிருந்த ஒரே ஆள் செனோன் தார்கி. அவன்தான் சங்கத்தின் 'அடித்தளம்'. "அடித்தளத்தைக் கலந்தாலோசிக்காம நாங்க ஒரு முடிவும் எடுக்கிறதில்ல" என்று பொதுச் செயலாளர் டான் புருடென்சியோ முழங்குவார். எல்லாரும் செனோனைத் திரும்பிப் பார்ப்பார்கள். செனோன் தலையாட்டுவான். ஜனநாயகம் இவ்வளவு சுருக்காக வேறெங்கும் முடிவதில்லை.

கார்னிவல் செவ்வாய்க்கிழமை நடந்ததை முதலில் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு வீடு, கடை, வண்டி எல்லாவற்றுக்கும் சால்யா செய்வது வழக்கம். காகிதச் சுருள் கட்டி, பூ இதழ் தூவி, பூமித்தாயான பாச்சமாமாவுக்கென்று தரையில் கொஞ்சம் பீர் தெளிப்பார்கள். டான் புருடென்சியோ எதையும் அரைகுறையாகச் செய்பவரல்ல. செனோனின் பழைய ஜப்பான் காரின் பானட்டைத் திறந்து, என்ஜின் தலையில் இரண்டு பாட்டிலைக் கவிழ்த்தார்.

"வெளிய மட்டும் ஊத்தினா வண்டி வெளியதான் நல்லா இருக்கும் தோழரே. உள்ளயும் நல்லா இருக்க வேணாமா?"

செனோன் அடித்தளம் அல்லவா, தலையாட்டினான்.

புதன்கிழமை காலையில் சாவியைத் திருப்பினால் கார் விக்கியது. குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி உடம்பெல்லாம் உதறியது. வாசலில் நின்ற அவன் மனைவி பசிலியா காதைச் சாய்த்துக் கேட்டாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் போன வருஷமே வெளுத்துவிட்டது. இடது கண்ணில் ஆட்கள் நிழலாகத்தான் தெரிவார்கள். எட்டு மாதம் காத்திருந்து ஒருரோ ஆஸ்பத்திரியில் வலது கண் ஆபரேஷனுக்கு வாங்கிய சீட்டு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. தவறினால் மறுபடி வரிசையின் வாலில் நின்று, அக்டோபரோ நவம்பரோ. பஸ் ஞாயிற்றுக்கிழமை வரை கிடையாது. மற்ற ஒன்பது கார்களும் நன்றாகத்தான் இருந்தன, ஓட்டுகிறவர்கள்தான் கார்னிவலில் இருந்தார்கள்.

"நாலு சிலிண்டர்ல ஒண்ணு வேலை செய்யல" என்றாள் பசிலியா. "பிளக் வயரை ஒவ்வொண்ணா கழட்டிப் பாரு செனோன். எதைக் கழட்டினா சத்தம் மாறலயோ, அதுதான் செத்தது. இது உனக்குத் தெரியாததா?"

தெரியும். இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறவனுக்கு அது தெரியாமல் இருக்குமா? ஆனால் டான் புருடென்சியோ போன வாரம்தான் அவன் தோளில் கைபோட்டு, "உன்னைத் தொழில்நுட்பச் செயலாளர் ஆக்கலாம்னு இருக்கோம்" என்று சொல்லியிருந்தார். பத்தாவது செயலாளர்! ஆகப்போகிறவன் பதினான்காம் பிரிவை மீறலாமா? செனோன் பானட்டை மூடிவிட்டுச் சங்கத்துக்கு ஆள் அனுப்பினான்.

நிர்வாகக் குழு மதியம் இரண்டு மணிக்குக் கொடியோடு வந்து சேர்ந்தது. ஏழு பேர்தான் இருந்தார்கள். மிச்ச இரண்டு பேர் வரும்வரை பானட்டைத் திறக்க முடியாது. சும்மா நிற்கவும் முடியாது. ஒரு பெட்டி பீர் வந்தது. நாலு மணிக்கு ஒன்பது பேரும் சேர்ந்தார்கள். கொடியைச் சுவரில் சாய்த்து, மௌன அஞ்சலி செலுத்தி, பானட்டைத் திறந்தார்கள். யாருக்கு அஞ்சலி என்று யாரும் கேட்கவில்லை.

"நாலு சிலிண்டர்ல ஒண்ணு வேலை செய்யல தோழர்களே" என்று செனோன் பணிவாக அறிக்கை தந்தான்.

"வேலை செய்யலயா, வேலைநிறுத்தம் செய்யுதா?" என்றார் சச்சரவுச் செயலாளர். "ரெண்டும் வேற வேற. கோரிக்கை என்னன்னு கேட்டியா?"

"சிலிண்டர் கிட்டயா?"

"பின்ன? கேக்காம நடவடிக்கை எடுத்துட்டு, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நாம ரோட்டை மறிக்கிறது?"

ஒழுங்குச் செயலாளர், சிலிண்டர் எத்தனையாம் நம்பர் என்று தெரிந்தால் எச்சரிக்கைக் கடிதம் தயார் செய்வதாகச் சொன்னார். விளையாட்டுச் செயலாளர், காலையில் உடற்பயிற்சி போதாமல் போயிருக்கலாம் என்றார். கொடிச் செயலாளர் தூங்கிவிட்டார்.

பசிலியா சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். "ஐயா, வயரை ஒவ்வொண்ணா கழட்டிப் பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை. நாளைக்கு எனக்குக் கண் ஆபரேஷன்."

"தோன்யா பசிலியா, உங்க கருத்தை இந்தக் குழு ரொம்ப மதிக்குது" என்றார் டான் புருடென்சியோ, 'தோன்யா' என்ற மரியாதைச் சொல்லோடு தொப்பியையும் கழற்றி. "ஆனா நீங்க உறுப்பினர் இல்லயே. ஒரு மனுவா எழுதிக் குடுத்துடுங்க."

"எழுதுற அளவுக்குக் கண்ணு தெரிஞ்சா நான் எதுக்கய்யா ஆபரேஷனுக்குப் போறேன்?"

"அதையும் மனுவுல குறிப்பிடலாம்."

செனோன் தரையைப் பார்த்தான். மனைவியின் முகத்தைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் 'தொழில்நுட்பச் செயலாளர்' என்று ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். நன்றாகத்தான் இருந்தது.

ஒன்றரை மணி நேர விவாதத்துக்குப் பிறகு நோய் கண்டறியப்பட்டது. செவ்வாய்க்கிழமை சால்யா போதவில்லை. இரண்டு பாட்டில் ஊற்றியதில் பாச்சமாமாவுக்கு மனக்குறை. பரிகாரம், ஆறு பாட்டில்.

"பாச்சமாமா கீழ இருக்காய்யா!" பசிலியா கத்தினாள். "காலுக்குக் கீழ மண்ணா இருக்கா. என்ஜினுக்குள்ள இல்ல. அவளுக்கு ரெண்டு சொட்டு போதும். மிச்சம் கேக்குற வாய் எதுன்னு குருட்டுக் கண்ணுக்கே தெரியுது."

"அடித்தளத்தைக் கலந்தாலோசிப்போம்" என்றார் டான் புருடென்சியோ.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். செனோன் தலையாட்டினான். பசிலியா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்று பாட்டில் என்ஜினுக்கும் மூன்று பாட்டில் குழுவுக்குமாகப் பரிகாரம் நிறைவேறியது. சாவியைத் திருப்பினால் கார் ஒரு முறை இருமி, அப்படியே அடங்கியது. "விக்கல் நின்னுடுச்சு" என்று டான் புருடென்சியோ அறிவித்தார். குறிப்பேட்டுச் செயலாளர் அதை 'முன்னேற்றம்' என்று எழுதிக்கொண்டார். கொடியை ஒருவரும் கொடிச் செயலாளரை இருவருமாகத் தூக்கிக்கொண்டு குழு கலைந்தது.

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்குச் செனோன் எழுந்து வந்தபோது, பசிலியா தொப்பியும் சால்வையுமாகக் காரின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆஸ்பத்திரிச் சீட்டு.

"வண்டிதான் ஓடாதே பசிலியா."

"அது தெரியும். நீ எப்ப ஓடுவேன்னுதான் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

"பதினாலாம் பிரிவு..."

"அக்டோபர்ல இந்த இடது கண்ணும் போயிடும். அப்புறம் நீ தொழில்நுட்பச் செயலாளரா வந்து நின்னாலும் உன்னை எனக்குத் தெரியாது."

செனோன் துணி காயும் கொடியில் கிடந்த மரக் கிளிப் ஒன்றையும் காய்ந்த கம்பளித் துணியையும் எடுத்துவந்து, நிர்வாகக் குழு யாருமே இல்லாமல், தன்னந்தனியாகப் பானட்டைத் திறந்தான். ஹாச்சபம்பா வரலாற்றில் அது முதல் தடவை. வானம் இடிந்து விழவில்லை.

நாலாவது முயற்சியில் என்ஜின் உதறிக்கொண்டே ஸ்டார்ட் ஆனது. துணியைச் சுற்றிக் கிளிப்பால் முதல் வயரைப் பிடித்து இழுத்தான். என்ஜின் துவண்டது.

"இவன் உழைக்கிறான்" என்றாள் பசிலியா உள்ளிருந்தே. "மாட்டு."

இரண்டாவதை இழுத்தான். மறுபடி துவண்டது.

"இவனும் உழைக்கிறான். பாவம், மாட்டு."

மூன்றாவது. அதே உதறல், அதே சத்தம்.

"இவன்தான்! இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான்."

என்ஜினை நிறுத்தி, அந்தப் பிளக் இறங்கும் குழிக்குள் பார்த்தான். பீர் தளும்பிக்கொண்டிருந்தது. மேலே ஒரு ரோஜா இதழ் மிதந்தது. துணியால் ஒற்றி எடுத்தான், ஊதினான், பிளக்கைக் கழற்றி அடுப்பருகே காயவைத்து மாட்டினான். இருபது நிமிடம். சாவியைத் திருப்பினால் கார் புதுசாக வாங்கின நாளைப் போல உறுமியது. செனோனுக்கு அழுகை வந்தது. பசிலியா, "அழுறதை வழியில அழுதுக்கலாம், வண்டிய எடு" என்றாள்.

ஒன்பது செயலாளர்களின் வீட்டு வாசலையும் தாண்டித்தான் போக வேண்டும். ஒன்பது கார்களும் காகிதச் சுருளோடு நின்றன. வழியில் சந்தைக்குக் காத்திருந்த ஐந்து பேரை ஏற்றிக்கொண்டான். ஒன்பதே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினார்கள். சனிக்கிழமை வரை ஹாச்சபம்பாவுக்கும் ஒருரோவுக்கும் நடுவே ஓடியது அவன் கார் ஒன்றுதான்.

மறு வாரம் சங்கக் கூட்டம். முதல் தீர்மானம்: இரண்டாம் சால்யாவால் தோழர் செனோனின் காரைக் குணப்படுத்திய நிர்வாகக் குழுவுக்குப் பாராட்டு. வழிமொழிய அடித்தளம் அழைக்கப்பட்டது. பசிலியா பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் பிரித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. எல்லாரும் செனோனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தலையாட்டவில்லை. எழுந்து நின்றான்.

"தோழர்களே, வேலை செய்யாத சிலிண்டரைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. ஒவ்வொரு வயரா கழட்டணும். சத்தம் மாறினா அது உழைக்குதுன்னு அர்த்தம். போன வாரம் வியாழன்ல இருந்து சனி வரைக்கும் நம்ம சங்கத்துல ஒன்பது வயரும் தானா கழண்டு கிடந்துச்சு. நான் லைன்ல வண்டி ஓட்டினேன். ஜனங்க ஏறினாங்க, இறங்கினாங்க. காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டேன் தோழர்களே. சத்தம் மாறவே இல்ல!"

டான் புருடென்சியோ கை தட்டினார். மற்ற எட்டுப் பேரும் தட்டினார்கள். "நாம இல்லாதப்பவும் சங்கம் அதே மாதிரி ஓடியிருக்கு! என்ன ஒரு கட்டமைப்பு! அப்படியே எழுதிக்கோ" என்றார் நெகிழ்ந்துபோய்.

குறிப்பேடு கையெழுத்துக்காகச் சுற்றி வந்தது. செனோன் அதை வாங்கிப் பின் பெஞ்சுக்கு நீட்டினான். பசிலியா வலது கண்ணருகே பிடித்து, எட்டு மாதம் காத்திருந்து வாங்கிய அந்தக் கண்ணால், எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள்:

"நிர்வாகக் குழு மொத்தமும் இல்லாவிட்டாலும் எந்த மாற்றமும் இல்லை என்று அடித்தளம் சாட்சி சொன்னது. ஒருமனதாக நிறைவேறியது."

பிறகு கீழே விரலை வைத்து எண்ணினாள்.

"எல்லாம் பளிச்சுன்னு தெரியுது செனோன். ஒன்பது கையெழுத்து. ஒண்ணுகூட மிஸ் ஆகல."