புதுக் குதிரையின் நிதானம்

உலகம் இன்று தறிகெட்டு ஓடுவதற்குக் காரணம், புதுக் குதிரைகளை எவ்வளவு தூரம், எந்த வேகத்தில் ஓட்டவேண்டும் என்று ஒருவரும் வகுத்துச் சொல்லாததுதான். அந்தப் பெருங்குறையை அடையாறு நெடுந்தூரக் குதிரைச் சவாரிச் சங்கத்தின் தலைவர் சண்முகவேல் தீர்த்துவைத்தார். புதுக் குதிரை முதல் வருஷம் குறைந்த தூரமே போகலாம். நடையும் சிறு ஓட்டமுமாக மாறி மாறிப் போகவேண்டும். குறித்த நேரத்துக்கு முன்னால் வந்தாலும் தோல்வி, பின்னால் வந்தாலும் தோல்வி. கையோடு கையாக, ஒரு போட்டியையாவது ஒழுங்காக முடிக்காதவர் தலைவராக முடியாது என்றும் எழுதிவைத்தார். அது தன் பதவிமேல் கண்வைத்திருந்த உபதலைவர் அச்யுத்துக்காக.

"பேஷ்! அப்போ முதல்ல நீங்க முடிச்சுக் காட்டுங்கோ" என்றார் அச்யுத்.

பதவியைக் காப்பாற்ற வேறு வழியில்லை. கொட்டிவாக்கத்திலிருந்து பெசன்ட் நகர்வரை கடலோரமாகப் போட்டி என்று முடிவாயிற்று. போட்டியாளர் ஒருவரே. மற்ற உறுப்பினர்களின் குதிரைகள் 'வந்துகொண்டிருந்தன'. தலைவருக்குத் திருவல்லிக்கேணி அக்பர் பாஷா தன் சாந்தினியை வாடகைக்குக் கொண்டுவந்தார்.

"கல்யாணக் குதிரை சார். ஊர்ல பாதி மாப்பிள்ளைங்கள இதான் தூக்கிச்சு."

"போட்டி அனுபவம்?"

"அதெல்லாம் இல்ல சார்."

"அப்போ புதுக் குதிரை" என்று தீர்ப்பளித்துவிட்டு, பாஷாவின் தோளில் கால்வைத்து ஏறினார்.

பாஷா பக்கத்திலேயே நடந்துவர, சாந்தினியின் நிதானம் அவரைப் புல்லரிக்க வைத்தது. தன் விதிகளைப் படித்த குதிரைபோல அல்லவா நடக்கிறது! திருவான்மியூர் குப்பத்தருகே ஒரு கல்யாணச் சீர்வரிசை பாண்டு வாத்தியத்தோடு குறுக்கே வரும்வரை அந்தப் பெருமிதம் நீடித்தது. சாந்தினி காதை நிமிர்த்தியது. தாளத்துக்கு நாலு குதி குதித்தது. பிறகு பாண்டுக்குப் பின்னால் ஊருக்குள் திரும்பியது.

"பாஷா, திருப்புய்யா!"

"இப்ப யார் பேச்சும் கேக்காது சார். ஆரத்தி எடுத்தாத்தான் திரும்பும்."

"நேரம் ஓடுதேய்யா!"

குதிரை பந்தல் வாசலில் போய் நின்றது. பெண்ணுக்கு அத்தை முனியம்மாள் வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னா நைனா, மாப்ள உள்ள குந்திக்கினு கீறாரு. நீ யாரு?"

"நான் தலைவர்."

"எந்தக் கட்சி?"

"அம்மா, ஒரு ஆரத்தி எடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"இந்த நரைச்ச தலையோட மாப்ள ஆசையா ஒனக்கு! தலைவர்ன்றே, மொய்ய எழுதிட்டு வா. அப்பால பாக்கலாம்."

எழுதினார். சாப்பிடாமல் விட மாட்டோம் என்றார்கள், சாப்பிட்டார். அதன் பிறகே ஆரத்தி வந்தது. நெற்றியில் சிவப்புப் பொட்டு விழுந்ததும் சாந்தினி கடமை முடிந்ததென்று திரும்பியது.

பெசன்ட் நகரில் அச்யுத் மாலையோடு காத்திருந்தார், தனக்குத்தான். "நேரம் எப்பவோ முடிஞ்சுது சார்" என்றார் கடிகாரம் பிடித்திருந்த செயலாளர் வைதேகி.

மணலிலேயே அவசரக் கூட்டம் கூடியது. அச்யுத் தொண்டையைக் கனைத்தார். "விதின்னா விதிதான். முடிக்காதவர் தலைவரா இருக்கப்படாது."

"சரி" என்றார் வைதேகி. "அப்போ அடுத்து நீங்கதான் ஏறணும் சார்."

எல்லோரும் அச்யுத்தைப் பார்த்தார்கள். அச்யுத் சாந்தினியைப் பார்த்தார். சாந்தினி கனைத்தது.

"நன்னா யோசிச்சா, தப்பு குதிரைமேலன்னா இருக்கு!" என்றார் அவர்.

அனுபவமின்மை காரணமாகச் சாந்தினிக்கு ஒரு வருஷம் தடை; தலைவர் பதவியில் நீடிப்பார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கை தூக்கியவர்களில் வாழ்நாளில் குதிரைமேல் ஏறியிருந்தவர் சண்முகவேல் ஒருவர்தான். அதுவும் அன்று காலைதான் முதல் தடவை.