பவுனு சாப்பிடாத காரணம்

ஆட்டையாம்பட்டிக்கு மேற்கே, தோட்டத்து வீடு
வெகுதானிய வருஷம், புரட்டாசி மாதம் 20-ஆம் தேதி

அம்மாபேட்டை சம்பந்தி குழந்தைவேல் அவர்களின் சமூகத்துக்கு, சின்னண்ணன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் சம்சாரம் கண்ணாத்தாள், மகன் தங்கசாமி, தங்கள் மகளும் எங்கள் மருமகளுமான சாரதாமணி, எருமைகள், காளைகள் எல்லோரும் சுகம். சோளம் கதிர் வாங்கியிருக்கிறது. அங்கே தாங்களும், சம்பந்தியம்மாளும், தாங்கள் துணி அளக்கும் ஜவுளிக்கடை முதலாளியும் சுகமாயிருக்க எங்கள் குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிறேன். சுகமாயிருப்பவர்களின் வரிசையில் பூனையைச் சேர்க்கவில்லை என்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தங்கள் கார்டு கிடைத்தது. அதில் மகளைப் பற்றி ஒரு வரியும் பூனையைப் பற்றி மீதி எல்லா வரியும் இருந்தன. வண்டிக்கார மாதையன் சேலத்துக்குக் கடலைக்காய் ஏற்றி வந்தபோது, "சின்னண்ணன் ஊட்டுல பூனைகூடச் சோறு திங்க மாட்டேங்குது" என்று தங்களிடம் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். சொல்லியிருப்பான். கள்ளுக்கடைகளை மூடி ஒரு வருஷம் ஆகிவிட்டது. சாயங்காலத்தில் பேச வேறு விஷயம் இல்லாமல் ஊரே எங்கள் பூனையைப் பற்றித்தான் பேசுகிறது. அவன் சொன்னது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆவணியில் கல்யாணம் முடிந்து சீர்வரிசைப் பாத்திரங்களுக்கு நடுவே ஒரு கூடையில் சாரதாமணியின் பூனை பவுனு வந்து இறங்கியது. பலகாரம் என்று நினைத்துக் கூடைக்குள் கைவிட்டவன் நான்தான். அன்றைக்குக் கீறியது ஆறிவிட்டது. ஆனால் அன்று முதல் இந்த வீட்டில் நான் வைத்த எதையும் அது தொடவில்லை. வருகிற தீபாவளி தலைதீபாவளி. மகனும் மருமகளும் தங்கள் வாசலில் வந்து இறங்குவார்கள், பவுனுவும் இறங்கும். சம்பந்தியம்மாள் முதலில் பூனையின் விலா எலும்பைப் பார்ப்பார்கள், அப்புறம் மகளைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? பூனைக்கே சோறு போடாத வீட்டில் பெண்ணைக் கொடுத்துவிட்டோமே என்று நினைத்துவிட்டால் நான் எந்த முகத்தோடு சேலத்துக்கு வருவேன்?

மாடு கன்றுக்குத் தீனி வைப்பதில் நான் பேர் எடுத்தவன். பெண் பார்க்க வந்த அன்றே இதைத் தங்களிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். எலும்பும் தோலுமாக வாங்கி வந்த காளையை அடுத்த சந்தைக்குள் ஆள் அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடுவேன். ஆகையால் பூனை சாப்பிடவில்லை என்றதும் எனக்குப் பயம் வரவில்லை, உண்மையைச் சொன்னால் ஆசைதான் வந்தது. அப்படி என்னதான் இது தின்னும், அதில் நல்ல சரக்கு எது, அதை மலிவாக எங்கே வாங்கலாம் என்று பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன். முதலில் முதுகில் சுழி பார்த்தேன், குற்றமில்லை. பல் போட்டிருக்கிறதா என்று வாயைத் திறந்தேன், என் கட்டைவிரலில் போட்டுக் காட்டியது. சரி என்று கருப்பி எருமையின் பாலை வைத்தேன். அது விரலை விட்டால் விரலோடு வருகிற பால். பவுனு மோந்து பார்த்துவிட்டு, சாயம் போகிற சேலையை வாடிக்கைக்காரர் தள்ளி வைப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டது. பட்டணத்துப் பூனையாயிற்றே, தண்ணீர் கலந்தால்தான் பழக்கமோ என்று பாதிக்குப் பாதி கலந்து வைத்தேன், அதற்கும் அதே பார்வை. பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டுக்கல்லில் ஆட்டிப் பால் பிழிந்து கருப்பட்டி தட்டிப் போட்டு வைத்தேன், அதைத் தங்கசாமி குடித்துவிட்டான். அவன் மினுமினுப்பாகத்தான் இருக்கிறான், தீபாவளிக்குப் பார்ப்பீர்கள். கொள்ளை வேகவைத்துப் பிசைந்து வைத்தேன், கம்பங்கூழ் கரைத்து வைத்தேன், கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தொட்டியின் பக்கம் கூட்டிப்போய் நிறுத்தினேன். பவுனு தொட்டியில் ஒரு காலை விட்டு, அந்தக் காலை உதறிய உதறலில் என் வெள்ளை வேட்டி முழுவதும் புண்ணாக்கு. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கண்ணாத்தாள் சொன்னாள்: "ஏனுங்க, அது பூனைங்க. ஏர்ல பூட்டவா போறீங்க?"

அப்போதுதான் இது மாடு அல்ல என்பது எனக்கு உறைத்தது. மீன் வாசனைதான் வழி என்று தோன்றியது. ஆனால் மாதமோ புரட்டாசி. நாங்கள் பெருமாளுக்கு விரதம் இருக்கிற குடும்பம், இந்த மாதத்தில் முட்டைகூட வாசல் தாண்டாது. இருந்தாலும் சம்பந்தி வீட்டுப் பூனை என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு, நாமம் போட்ட நெற்றியோடு சந்தையில் கருவாடு விற்கும் முத்தாயம்மாள் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"ஏஞ் சாமி, பொரட்டாசியில கருவாடா?" என்றாள்.

"எனக்கில்லை, பூனைக்கு."

"எல்லாரும் பூனைக்குன்னுதானுங்க வாங்கறாங்க. இந்த மாசம் பூராவும் எனக்குப் பூனை ஏவாரந்தான்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் காதில் வாங்காமல் சரக்கைப் பார்த்தேன். பருத்திக்கொட்டை என்றால் ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்து ஈரம் பார்ப்பது என் வழக்கம். நெத்திலியை வாய் வரை கொண்டுபோனவன், பெருமாள் ஞாபகம் வந்து கையாலேயே ஒடித்தேன். பட்டென்று ஒடிந்தது, மணலும் ஒட்டவில்லை, நல்ல சரக்குதான். முழு மீன் எதற்கு, தலை போன நெத்திலியாகக் கொடு, பூனை என்ன முகத்தைப் பார்த்தா தின்னப்போகிறது என்று பேசி மலிவாகவே வாங்கினேன். தலைத்துண்டில் முடிந்துகொண்டு திரும்பி வரும் வழியில் பஜனை கோஷ்டி எதிரே வந்துவிட்டது. நான் ஒதுங்கி நின்று கும்பிட்டேன். என் பின்னால் நாலைந்து தெருப் பூனைகளும் ஒதுங்கி நின்றன. பஜனைக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள், பூனைகளைப் பார்த்தார்கள், கோவிந்தா என்று கொஞ்சம் பலமாகவே சொன்னார்கள். கருவாட்டை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் மாட்டுக் கொட்டகையில் பரப்பினேன். கூட வந்த விருந்தாளிகள் ஒரு துண்டு விடாமல் தின்றுவிட்டுப் போயின. பவுனு மட்டும் சோளத்தட்டுப் போரின் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

இனி தீனியைப் பார்த்துப் பயனில்லை, பூனையைத்தான் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மறுநாள் காடு கழனிக்குப் போகாமல் அதன் பின்னாலேயே சுற்றினேன். கூரையில் ஏறினால் நான் ஏணி போட்டேன், கிணற்றடிக்குப் போனால் நானும் கால் கழுவப் போனேன். பகல் சாப்பாட்டில் முதலில் நானும் மகனும் சாப்பிட்டோம், அப்புறம் வேலையாட்கள், அப்புறம் கண்ணாத்தாள். அதுவரை எங்கோ தூங்கிக்கொண்டிருந்த பவுனு அப்போதுதான் எழுந்து சமையலறைக்குப் போனது. நான் கன்றுக்குட்டியை அவிழ்த்துக் கட்டுகிற சாக்கில் பின்பக்க ஜன்னல் ஓரம் நின்றேன். உள்ளே சாரதாமணி தட்டைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். தட்டில் ஒரு ராகிக் களி உருண்டை, நடுவில் குழி பறித்துக் கீரைக் கடைசல். கொஞ்சம் பிய்த்து வாயில் போட்டாள், மென்றாள், தண்ணீர் குடித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு துண்டைப் பவுனுவிடம் நீட்டினாள். அது மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்புறம் இரண்டு பேருமாக அந்த உருண்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். களியை மெல்லக் கூடாது சம்பந்தி, உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். இந்த ஊரில் தவழ்கிற குழந்தைக்கும் அது தெரியும். மூன்று வேளையும் அரிசிச்சோறு தின்று வளர்ந்த பெண்ணுக்கு யார் சொன்னார்கள்? இங்கே அரிசி என்றால் நோன்பு நாள், விருந்து நாள், அவ்வளவுதான். பூனைக்கு என்ன பிடிக்கும் என்று சந்தை வரைக்கும் போய் விசாரித்தவன், அடுப்பங்கரை வரைக்கும் போகவில்லையே என்று வெட்கமாகிவிட்டது.

கேட்டுவிடலாம் என்றால் எப்படிக் கேட்பது? எங்கள் பக்கத்தில் மாமனாரும் புது மருமகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்கிற வழக்கம் இல்லை, தங்களுக்கும் தெரிந்ததுதான். ஆகையால் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கன்றுக்குட்டியைத் தடவிக்கொண்டே பூனையிடம் கேட்டேன்.

"ஏம் பவுனு, களி எறங்கலையா?"

உள்ளே தட்டு நகர்ந்தது. மெல்லிய குரல் வந்தது. "பவுனு, மாமா கேக்கறாங்க பாரு. எறங்கலைங்கன்னு சொல்லு."

"எப்ப இருந்து?"

"வந்த நாள்ல இருந்துங்கன்னு சொல்லு."

"அப்புறம் ஏன் ஒருத்தருகிட்டயும் சொல்லலே?"

"பூனைக்கு வாய் ஏதுங்கன்னு சொல்லு பவுனு."

கன்றின் கழுத்துக் கயிற்றைத் தளர்த்திக் கட்டினேன். "என்னதான் வேணுமாம்?" என்றேன்.

"ஒரு கை நெல்லுச்சோறுங்க. மோர் ஊத்துனாப் போதும். ராத்திரிக்கு வேண்டாம், பகலுக்கு மட்டும்னு சொல்லு. அத்தைக்குச் செரமம் வேண்டாமுன்னும் சொல்லு."

இவ்வளவு பேச்சுவார்த்தைக்கும் பவுனு தன் முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது.

நேரே கண்ணாத்தாளிடம் போய், "நாளையில இருந்து பூனைக்கு நெல்லுச்சோறு வடிக்கோணும்" என்றேன். "எவ்வளவுங்க?" என்றாள். "ஒரு ஆளு திங்கற அளவு" என்றேன். அவள் அப்போதே படியை எடுத்துக்கொண்டு அரிசி அளக்கப் போய்விட்டாள். மறுநாள் முதல் எங்கள் வீட்டில் தினமும் உலை வைத்துச் சோறு வடிகிறது. சாரதாமணி மோர் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிறாள், பவுனுவும் பக்கத்தில் உட்கார்ந்து நாலு பருக்கை தின்கிறது. பெண்ணின் முகத்தில் தெளிச்சி வந்துவிட்டது. நேற்று அவள் சிரித்த சத்தம் களத்து மேடு வரை கேட்டது. 'சின்னண்ணன் களி திங்கறான், அவன் ஊட்டுப் பூனை நெல்லுச்சோறு திங்குது' என்று ஊரில் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பூனைக்குத் தரமாகவும் மலிவாகவும் என்ன தீனி வைப்பது என்ற கேள்விக்கு, ஒரு மாத காலம் ஆராய்ந்து நான் கண்டுபிடித்த விடை மோர்ச்சோறு. அதை வீட்டுப் பெண்ணோடு சேர்த்துப் போட வேண்டும் என்பதையும் நானே கண்டுபிடித்தேன். தங்கள் தெருவில் யாராவது பூனை வளர்த்தால் என் பேரைச் சொல்லி இதைத் தெரிவிக்கலாம்.

ஆகையால் தாங்கள் கவலைப்பட வேண்டாம், ஒன்றும் அனுப்பவும் வேண்டாம். தீபாவளிக்கு முதல் நாள் மகனும் மருமகளும் பவுனுவும் மாதையன் வண்டியில் வந்து சேர்வார்கள். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். தங்கள் குடும்பத்தில் நெய்யும் பாலும் குறையாமல், தறியும் கடையும் ஓயாமல், எல்லோரும் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்குத் தங்கள் அன்புள்ள சம்பந்தி,
சின்னண்ணன்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் இதைக் கண்ணாத்தாளுக்குப் படித்துக் காட்டினேன். 'நானே கண்டுபிடித்தேன்' என்ற இடம் வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பவுனு வந்த மறுநாளிலிருந்து விடியற்காலையில் எருமை கறக்கும்போது ஒரு கொட்டாங்குச்சி நிறைய நுரைப்பால் அவள் கையால் குடித்து வருகிறதாம். "அப்புறம் நீங்க வெச்சதுக்கெல்லாம் அது வவுத்துல எடம் ஏதுங்க?" என்கிறாள். அது இளைக்கவே இல்லையாம், மாட்டைப் பார்க்கிற கண்ணால் பூனையைப் பார்த்தால் அப்படித்தான் தெரியுமாம். பின்னே ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "பூனை திங்கலைன்னாத்தான் நீங்க அது பின்னால சுத்துவீங்க, சுத்துனாத்தான் அந்தப் புள்ளையோட தட்டு உங்க கண்ணுல படும். மருமவளுக்குச் சோறு வடிக்கோணும்னு நானே கேட்டிருந்தா, களி திங்காத ஒடம்பும் ஒரு ஒடம்பான்னு கேட்டிருப்பீங்க" என்றாள். கேட்டிருப்பேன் சம்பந்தி. "அவளுக்கு எறங்கலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "நான் மோகனூருக்காரிங்க. காவேரித் தண்ணி பாயற ஊரு. இந்த ஊட்டுக்கு வந்தப்பத்தான் நானும் களியவே கண்ணுல பாத்தேன். அப்ப எங்கூட வர ஒரு பூனை இல்லீங்க" என்றாள். ஆகையால் மேலே 'நான் கண்டுபிடித்தேன்' என்று வருகிற இடங்களை அடித்துவிட்டுப் படிக்கவும். இன்று இரண்டு ஆளுக்குச் சோறு வடிக்கச் சொன்னேன். "இன்னொண்ணு ஆருக்குங்க, பூனைக்கா?" என்றாள். "உனக்கு" என்றேன். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த சட்டியை எடுத்து அந்தப் பக்கம் திரும்பிக் கழுவ ஆரம்பித்தாள். இந்த வரியை எழுதும்போதும் அதையேதான் கழுவிக்கொண்டிருக்கிறாள்.