ஆறு ஜாரும் ஒரு வாரும்

மட்டாஞ்சேரி,
5-11-2006, ஞாயிறு.

திருப்பூணித்துறையில் தமக்கையார் வீட்டு மாடியில் எழுந்தருளியிருக்கும் மகாகனம் பொருந்திய மாப்பிள்ளை அனீஷ் அவர்கள் சமூகத்துக்கு, மாமியார் பேச்சியம்மாள் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் ஒருத்திதான், நான் சுகம். அவ்விடம் தாங்களும் ஷீஜாவும் தமக்கையாரும் சுகமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். தங்களுக்கு மலையாளம் வருகிற அளவுக்குத் தமிழ் எழுத்து வராது என்பதால் ஷீஜாதான் இதை வாசித்துக் காட்டுவாள். மோளே, உள்ளதை உள்ளபடி வாசி. அம்மா சூடாக எழுதின இடத்தை ஆற்றி வாசிக்கிற வேலை வேண்டாம்.

மாப்பிள்ளை அவர்கள் ஷீஜா கையில் கொடுத்தனுப்பிய மன்னிப்புக் கடிதம் வந்து சேர்ந்தது. கும்பளங்கி விருந்தினர் வீட்டுச் சங்கத்தின் தலைவி சோனியா மேடத்துக்கு நானே எழுதுகிற மாதிரி தாங்களே மலையாளத்தில் எழுதி, கீழே என் கையெழுத்துக்கு இடமும் விட்டு, பென்சிலால் ஒரு கோடும் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். நான் கையெழுத்துப் போட்டால்தான் அந்தம்மா இன்னொரு தேதி தரும், தேதி தந்தால்தான் தங்கள் கம்பெனி நிற்கும், கம்பெனி நின்றால்தான் கம்ப்யூட்டர்களைத் தூக்கிக்கொண்டு பழையபடி என் வீட்டு மாடிக்கு வருவீர்கள், இல்லாவிட்டால் கம்பெனியைப் பூட்டிவிட்டு பெங்களூரில் வேலைக்குப் போய்விடுவீர்கள் என்று ஷீஜா அழுதுகொண்டே சொன்னாள். எல்லாம் கேட்டேன். நான் கையெழுத்துப் போட மாட்டேன். கோடு போட்ட பென்சில் வீண், கடிதம் எழுதின காகிதம் வீண், ஷீஜா வந்துபோன பஸ் டிக்கெட்டும் வீண்.

ஏன் என்று சொல்கிறேன். பஜார் ரோட்டில் சேட்டு கோடவுனில் முப்பத்துநாலு வருஷம் பேக்கிங் பார்த்தவள் நான். கடைசிப் பதினோரு வருஷம் பேக்கிங் மேஸ்திரி. நல்லமிளகு, சுக்கு, ஜாதிக்காய், கண்ணாடிக் குப்பியில் மிளகெண்ணெய் என்று நான் கட்டின பெட்டி ஹாம்பர்க் வரைக்கும் கப்பலில் போய் இறங்கியிருக்கிறது. ஒரு குப்பி உடைந்தது என்று ஒரு தந்தி வந்ததில்லை. ஒரு பெட்டி ஒழுகியது என்று ஒரு வெள்ளைக்காரன் எழுதினதில்லை. சேட்டு செத்துப்போனபோது அவர் மகன் என்னிடம், "பேச்சியம்மா கட்டின பெட்டியை நாங்க எண்ணிப் பாக்கிறதே இல்ல"ன்னு சொன்னான். அப்படிப்பட்டவள் மூணு வீடு தள்ளி ஒரு ஊறுகாய் ஜாரை அனுப்பினாலும் அதே மாதிரிதான் அனுப்புவேன், எனக்கு அரைகுறையாகக் கட்டத் தெரியாது.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், ஏனென்றால் தாங்கள் ஒரு விதமாகவும் சோனியா மேடம் ஒரு விதமாகவும் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறீர்கள். கும்பளங்கியில் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து, வெளிநாட்டுக்காரர் கம்ப்யூட்டரிலேயே அறை பிடிக்கிற மாதிரி ஒரு வெப்சைட்டுக்குத் தங்களிடம் சொல்லியிருந்தார்கள். அக்டோபர் பதினாலு சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பு விழா. தாங்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலமே அங்கே போய் அவர்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தயார் பண்ண உட்கார்ந்துவிட்டீர்கள். தங்களுக்குக் கீழே வேலை பார்க்கும் பினு இங்கே மாடியில் வெப்சைட் சாமானைக் கடைசியாக ஒரு சிடியில் ஏற்றிவிட்டு, காய்ச்சலோடு வீட்டுக்குப் போகும்போது என்னிடம், "பேச்சியம்மா, மேசையில மேல இருக்கிற சிடிதான் நாளைக்குப் போகணும், ஷீஜா சேச்சிகிட்ட சொல்லிடுங்க"ன்னான். நானே எடுத்துக் கொடுத்துவிட்டால் போகிறது, ஷீஜாவிடம் சொல்வதற்கு என்ன இருக்கிறது. அதோடு அந்த மேசையைப் பார்த்தால் மனுஷர் வேலை செய்கிற மேசை மாதிரி இல்லை, மிக்சர்த் தூளும் சாயாக் கறையும். துடைத்தேன். சிடி இரண்டையும் துடைத்து அடுக்கி வைத்தேன். ஒன்றில் கறுப்பு மையில் எழுத்து இருந்தது, இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. மார்க் போட்டதுதான் சரக்கு, மார்க் இல்லாதது கழிவு, இது கோடவுனில் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொல்லித் தந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு போன் அடித்தது. ஷீஜா தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள், நான் எடுத்தேன். எடுத்தது யார் என்றுகூடக் கேட்காமல் தாங்கள் மூச்சு விடாமல் சொன்னீர்கள். "ஷீஜே, வார் ரெடியாச்சா? வார் மட்டும் வந்தாப் போதும். ஜார் எல்லாம் வாருக்குள்ளயே இருக்கணும், வெளிய தனியா ஒண்ணும் வேண்டாம். ஒரு ஜார் விட்டுப்போனாலும் இங்க ஓடாது, கேட்டோ? நல்லாப் பேக் பண்ணி அப்பு சேட்டன் ஆட்டோவுல குடுத்து விடு." இதுதான் தாங்கள் சொன்னது, ஒரு எழுத்து மாற்றவில்லை. நான் "ம்" என்றேன். வேறென்ன சொல்வது? எங்கள் ஆட்களில் மாமியார் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் வாய் திறப்பதில்லை, அது மரியாதை. கல்யாணமான ஏழு வருஷத்தில் தங்களுக்குச் சோறு வேண்டுமா, ரசம் வேண்டுமா என்பதைக்கூட நான் கதவுக்குப் பின்னால் நின்று ஷீஜாவைத்தான் கேட்டிருக்கிறேன். அப்படியிருக்க, "எந்த வார், எந்த ஜார்"னு போனில் எப்படிக் கேட்பேன்?

கேட்க வேண்டிய அவசியமும் எனக்குத் தோன்றவில்லை. வார் என்றால் எனக்குத் தெரியாதா? பெட்டியைச் சுற்றி இழுத்து முறுக்கி கிளிப் அடிக்கிற இரும்புப் பட்டைக்கு பஜார் ரோடு முழுக்க வார் என்றுதான் பெயர். முப்பத்துநாலு வருஷத்தில் நான் போட்ட வாரை நீட்டிப் போட்டால் காயலுக்கு அந்தப் பக்கத்து வைப்பின் தீவுக்குப் போய்த் திரும்பி வரலாம். ஜார் எது என்பதிலும் சந்தேகமில்லை, ஏனென்றால் திறப்பு விழாச் சாப்பாட்டுக்கு என் கடுமாங்காய் ஊறுகாய் வேண்டும் என்று அதே சோனியா மேடம் ஷீஜாவிடம் சொல்லி, நான் ஏழு கண்ணாடி ஜாரில் போட்டு, தங்களுக்கு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, ஆறை சமையல்கட்டில் வரிசையாக வைத்திருந்தேன். ஜார் எல்லாம் வாருக்குள் இருக்க வேண்டும், தனியாக ஒன்றும் வரக் கூடாது என்று மாப்பிள்ளை வாயால் உத்தரவு. இதைவிடத் தெளிவாக ஒரு உத்தரவு சேட்டுகூட எனக்குத் தந்ததில்லை. பிற்பாடு பினு சொல்லித்தான் தெரிந்தது, வார் என்பது வெப்சைட் முழுவதையும் சுருட்டிக் கட்டின ஒரே மூட்டையாம், ஜார் என்பது அதற்குள் போகிற சின்னச் சின்ன மூட்டையாம், இரண்டும் இங்கிலீஷாம். நாட்டில் வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று கேட்டேன், அவன் சிரித்தான்.

ஆகவே கட்டினேன். பின்கட்டில் கிடந்த கோடவுன் பெட்டியை எடுத்து, அடியில் வைக்கோல் பரப்பி, ஆறு ஜாரையும் சாக்குத் துணியில் சுற்றி மூணும் மூணுமாக நிறுத்தி, மார்க் போட்ட சிடியை நடுவில் அசையாமல் செருகி, மேலே மறுபடி வைக்கோல், பலகை, இருபத்துநாலு ஆணி, அதற்கு மேல் இரட்டைச் சாக்குத் தைத்து, குறுக்கே இரண்டு நெடுக்கே இரண்டு இரும்பு வார் இழுத்து கிளிப் அடித்தேன். அறுபது வயசில், தனியாக, முக்கால் மணி நேரத்தில். அப்பு பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எந்தா சேச்சி, இது கும்பளங்கிக்கா கப்பலுக்கா"ன்னு கேட்டான். மாப்பிள்ளை சாமான் என்றேன். அவனும் தோப்பும்படி, பள்ளுருத்தி வழியாக ஒன்பதரைக்கெல்லாம் கொண்டு சேர்த்துவிட்டான். என் வேலை அதோடு முடிந்தது.

அப்புறம் நடந்ததற்கு நானா பொறுப்பு? பன்னிரண்டு வீட்டு ஆம்பிளைகள் சுற்றி நின்று ஒரு பெட்டியைத் திறக்க முடியவில்லை. வெட்டுக்கத்தியால் கொத்தினார்களாம், பிறகு ஒருத்தர் படகிலிருந்து நங்கூரத்தைக் கொண்டுவந்தாராம். விருந்தாளியாக வந்த அதிகாரி மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பதினொன்றரை வரை உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். பெட்டி திறந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். பினு சொல்கிறான், அந்தக் கம்ப்யூட்டருக்குள் டாம்கேட் என்று ஒன்று இருக்கிறதாம், டாம்கேட் என்றால் கடுவன் பூனையாம், வாரைக் கொண்டுபோய் அதன் முன்னால் வைத்தால் அது தானே பிரித்துக்கொள்ளுமாம். பூனை பிரிக்கிறது, பன்னிரண்டு பேரால் முடியவில்லை, குற்றம் மட்டும் கட்டினவள் மேல். அந்தக் கலாட்டாவில் தங்கள் விரலில் வெட்டு விழுந்தது என்று கேட்டதும் அடுப்பில் கொதித்த குழம்பை மறந்து அடிப்பிடிக்க விட்டேன், அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். மஞ்சள் வைக்கச் சொல்லி ஷீஜாவிடம் சொல்லியனுப்பினேன், வைத்தீர்களா தெரியவில்லை.

சோனியா மேடத்திடம் நான் பேசினது பற்றி. அந்தம்மாதான் ஒரு மணிக்கு எனக்கு போன் பண்ணி, "நிங்ஙள் எந்து பணியா காணிச்சது, ஆரெங்கிலும் இங்ஙனெ கெட்டுமோ"ன்னு கேட்டது. என்ன வேலை காட்டியிருக்கிறீர்கள், யாராவது இப்படிக் கட்டுவார்களா என்று, என் கட்டைப் பற்றி. அதற்கு நான், "கரிமீனுக்குச் செதில் எடுக்கத் தெரிஞ்ச ஊர்ல ஒரு வார் வெட்ட ஆளில்லையாம்மா, அப்ப வெளிநாட்டுக்காரன் வந்தா அறைக் கதவையாவது திறந்து குடுப்பீங்களா, அதுக்கும் நங்கூரமா"ன்னு கேட்டேன். கேட்டதுதான். திரும்பவும் கேட்பேன். ஆறு ஜார் அனுப்பினேன், நங்கூரத்தால் குத்தியும் ஆறில் ஒன்றுகூட உடையவில்லை, அதை யாராவது எழுதினார்களா?

இனி முக்கியமான விஷயம். பெட்டியைத் திறந்து சிடியைப் போட்ட பிறகும் தங்கள் வெப்சைட் ஓடவில்லை. ஏன்? தங்கள் வாருக்குள் ஒரு ஜார் குறைந்தது. இதை நான் சொல்லவில்லை, ஷீஜா சொன்னாள். தங்கள் கம்ப்யூட்டரில் அந்த ஜார் வேறெங்கோ கிடந்ததால் இங்கே ஓடியதாம், கும்பளங்கியில் கிடக்காததால் ஓடவில்லையாம். மாப்பிள்ளை, என் ஜார் ஆறு போச்சு, ஆறும் சேர்ந்துது. தங்கள் ஜார் எத்தனை போச்சு, எத்தனை சேர்ந்துது? பேக்கிங் லிஸ்ட் எங்கே? எண்ணிப் பார்த்தது யார்? அந்தப் பினு காய்ச்சல் மயக்கத்தில் ஒன்றை விட்டுவிட்டான், அவனைக் கேட்க ஆளில்லை, கிழவி கட்டின கட்டு கண்ணைக் குத்துகிறது. மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியவன் பினு. அவனுக்குக் கோடு போட்டு அனுப்புங்கள்.

தாங்கள் கோபித்துக்கொண்டு தமக்கையார் வீட்டுக்குப் போன இந்த மூணு வாரமாக மாடியில் சத்தமில்லை. முன்பெல்லாம் நாற்காலி உருளுகிற சத்தத்தில் எனக்கு மத்தியான உறக்கம் கெடும், திட்டுவேன். இப்போது உறக்கம் வரவே இல்லை. மூணு பேருக்கு அரிசி போட்டு, பிறகு ஞாபகம் வந்து திரும்ப அள்ளுகிறேன். தாங்கள் பெங்களூர் போனால் ஷீஜாவும் போவாள், இந்த வீட்டில் நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்க ஆளிருக்காது. அதற்காக நான் இறங்கிவருவேன் என்று நினைக்க வேண்டாம். தங்களுக்காக வைத்த ஏழாவது ஜார் அப்படியே இருக்கிறது. மூடி உடைந்துபோனதால் வட்டமாக, பளபளப்பாக ஒரு தட்டு கிடைத்ததை மூடி, நடுவில் இருந்த ஓட்டைக்கு ஒரு ஜாதிக்காயை வைத்திருக்கிறேன். எறும்பு ஏறவில்லை. வேண்டுமானால் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம்.

தங்களுக்கும் ஷீஜாவுக்கும் பகவதியம்மன் நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தரட்டும், புத்தியை முதலில் தரட்டும். தமக்கையாருக்கு என் விசாரிப்பு. விரலில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தலை வணங்காத,
பேச்சியம்மாள்
(பேக்கிங் மேஸ்திரி, ஓய்வு)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் பினு வந்தான். தாங்கள் விட்டுப்போன கீபோர்டை எடுக்க வந்தவனை நான்தான் வைது, வைததற்காக உட்கார வைத்துச் சோறு போட்டு, ஊறுகாய்க்கு ஏழாவது ஜாரைத் திறந்தேன். அவன் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டான். "பேச்சியம்மா, இந்த மூடி எங்க கிடைச்சது?"ன்னான். மேசையில் கிடந்த கழிவு என்றேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விட்டுப்போன ஜாரையும் சேர்த்து அவன் ஏற்றின சிடி அதுதானாம். மேலே வைத்துவிட்டுப் போயிருக்கிறான், காய்ச்சலில் மார்க் போட மறந்திருக்கிறான், நான் துடைத்து அடுக்கியதில் மேலே இருந்தது கீழே போயிருக்கிறது. பெட்டியில் போனது போன வாரத்துப் பழைய சிடி.

சோப்புப் போட்டுக் கழுவினோம். ஊறுகாய் எண்ணெய் வாசம் போகவில்லை, ஆனால் பினு தன் பையிலிருந்த சின்னக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான், ஓடுகிறது. ஜார் எல்லாம் என் முன்னால் எண்ணினான், பத்தொன்பது, குறையவில்லை. பினுவிடம் தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன், பாவம் அவன் பயந்துபோனான். சோனியா மேடத்துக்கான கடிதத்தில் தங்கள் பென்சில் கோட்டின் மேலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மேலே எழுதினதைக் கிழிக்க மனசு வரவில்லை, அதனால் ஷீஜா முழுக்க வாசிக்கட்டும்.

இதைத் தபாலில் போடவில்லை. அப்புவின் ஆட்டோவில் நானே வந்திருக்கிறேன், கடிதத்தை மட்டும் அவன் கையில் உள்ளே அனுப்பியிருக்கிறேன். ஷீஜா இந்த வரியை வாசிக்கும்போது நான் உங்கள் வாசலில்தான் நிற்கிறேன். சிடி என் கையில் இருக்கிறது. சாக்கு இல்லை, ஆணி இல்லை, வார் இல்லை, ஒரு ரப்பர் பேண்டுகூடப் போடவில்லை. கதவைத் திறக்க ஷீஜாவை அனுப்ப வேண்டாம், மாப்பிள்ளை. நீங்களே வாங்க, உங்ககிட்டதான் பேசணும்.