பெயர்கள் ஓடும்போது நின்றவர்

ஜப்பானுக்குப் போகாமலேயே ஜப்பானைக் கரைத்துக் குடித்தவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் தாராவியில் இருந்தார். எல்லோருக்கும் அவர் ஜப்பான் பாய்.

மும்பை குர்லாவில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் அவரும் நானும் வேலை பார்த்த ஆபீஸ். ஜப்பானின் ஒசாகாவில் ஒரு கம்பெனி, பெரிய கம்பெனிகளுக்கு வீடியோ கேம் செய்து கொடுத்துவிட்டுத் தன் பெயரை எங்கும் போட்டுக்கொள்ளாது. அவர்களுக்கு நேரமில்லாத மரம், மதில், மண்பானை எல்லாம் எங்களிடம் வரும். கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்புவோம். பெயரில்லாதவர்களுக்குப் பெயரில்லாமல் உழைத்தவர்கள் நாங்கள்.

அந்தக் கம்பெனியின் வரலாறு பாய்க்குத் தலைகீழாகப் பாடம். புதிதாக யார் சேர்ந்தாலும் செருப்பைக் கழற்றச் சொல்லி, உட்கார வைத்து ஆரம்பிப்பார்.

"நூடுல்ஸ் கடைக்கு மேல ஒத்த ரூம்பு. மூணே பேரு. குத்துச்சண்ட, கார் ரேசு, மீன்புடி... ஓடுன கேம்ல பாதி அவங்க கைவேலதாம்ல. கேம் அட்டையில பேரு உண்டா? கெடையாது. கேக்கவும் மாட்டாங்க. அவம்தாம்ல கைகாரன்!"

தண்ணீர் கேன் போட வந்தவர்கூடத் தப்பியதில்லை. "பாய், மேரா டைம் ஜா ரஹா ஹை" என்று நேரமாவதைச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டே பாவம், கடைசிவரை கேட்டார்.

ஒசாகாக்காரர்கள் வீடியோ காலில் வந்தால் பாய் குனிந்து வணங்குவார். கால் கட் ஆன பிறகும் நிமிரமாட்டார். "திடுதிப்னு நெட் வந்துட்டா மரியாதக் கொறவால்லா போயிரும்?" என்பார்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். கேம் வெளிவந்ததும் ஆபீஸில் யாராவது அதை விளையாடி முடிப்பது வழக்கம். கடைசியில் அதைச் செய்தவர்களின் பெயர்கள் திரையில் ஓடத் தொடங்கியதும் நாங்கள் டீக்குக் கிளம்பிவிடுவோம். பாய் மட்டும் எழுந்து நின்று கடைசிப் பெயர்வரை படிப்பார். பெயர் எதற்கு என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர் எதைத் தேடுகிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஒருநாள் ஒசாகாவிலிருந்து மெயில் வந்தது. இந்த முறை குர்லாக்காரர்கள் பெயரும் வரும், சாயங்காலத்துக்குள் அனுப்புங்கள் என்று. பாயோ தங்கை மகள் நிக்காஹுக்காக மேலப்பாளையத்துக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தார். போன் போட்டேன். அவர் மேசை டிராயருக்குள் மணி அடித்தது.

அப்போதுதான் உறைத்தது, பாயின் நிஜப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. என் போனில் ஜப்பான் பாய். வருகைப் பதிவேட்டில் ஜப்பான் பாய். முதலாளியிடம் கேட்டேன். "ஜப்பான் பாய் கா நாம்? ஜப்பான் பாய்!" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தாராவிக்கு ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா, "ஜப்பான் பாய் ஊருக்குல்லா போயிருக்காவ" என்றார்.

பெயரை விட்டுவிட்டால் மனிதர் இன்னொரு முறை வெறுமனே நிற்பார். வேறு வழியில்லாமல் "ஜப்பான் பாய்" என்றே அனுப்பினேன். அவர் திரும்பி வந்தபோது பட்டியல் மூடப்பட்டிருந்தது. அவரிடம் சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை.

கேம் வந்த அன்று நானே விளையாடி முடித்தேன். வழக்கம்போல் பாய் எழுந்து நின்றார். வரிகள் ஓடின. குர்லா வரிசையில் "ஜப்பான் பாய்" வந்தது.

"ஏல, நிறுத்துல!"

நிறுத்தினேன். "மன்னிச்சுக்கோங்க பாய். உங்க நிஜப் பேர் யாருக்கும் தெரியல."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "நல்லதாப் போச்சு. நெசப் பேரப் போட்டிருந்தா எங்க தெருவுல எவனுக்குல தெரியும்?" என்றார். பிறகு மெதுவாக, "இன்னொருக்க ஓட விடு" என்றார்.

இப்போது எனக்கு வேறு ஆபீஸ், வேறு கேம். பெயர்கள் ஓடும்போது நான் டீக்குப் போவதில்லை. எழுந்து நிற்கிறேன். பக்கத்தில் பாய் இல்லாமல் நிற்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.